பற்று வரவு

தொண்ணூறாவது நிமிடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். நின்ற பிறகுதான் கவனித்தேன், எங்கள் வரிசையில் வேறு யாரும் எழவில்லை.

2025 அக்டோபர் 9, சிங்கப்பூரின் காலாங் தேசிய விளையாட்டரங்கம். ஆசியக் கிண்ணக் கால்பந்துத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரும் இந்தியாவும். முதல் பாதி முடியும் தறுவாயில் சிங்கப்பூரின் இக்சான் ஃபாண்டி கோல் போட்டபோது நானும் எல்லாரோடும் சேர்ந்து தொண்டை கிழியக் கத்தியிருந்தேன். உடம்பில் சிங்கப்பூர் அணியின் சிவப்புச் சட்டை, மகன் வாங்கிக் கொடுத்தது. இரண்டாம் பாதியில் இந்தியாவின் ஆட்டக்காரர் ஒருவர் வெளியேற்றப்பட்டு, அவர்கள் பத்துப் பேராக ஆடிக்கொண்டிருந்தார்கள். இனி ஒன்றுமில்லை, கூட்டத்துக்கு முன்னால் எம்ஆர்டி ரயிலுக்குப் போய்விடலாமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இந்தியாவின் ரஹீம் அலி கிடைத்த பந்தை வலைக்குள் தள்ளிவிட்டார். ஒன்றுக்கு ஒன்று.

கால்கள் என்னைக் கேட்கவில்லை. வாயும் "ஏய்!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டது. சிவப்புச் சட்டையோடு, கை இரண்டும் மேலே.

மகன் திரும்பிப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை. "உக்காருங்கப்பா" என்றான், கோயிலுக்குள் மறதியில் செருப்போடு வந்துவிட்ட பெரியவரிடம் சொல்கிற மாதிரி, மெதுவாக.

1990ல் நார்மன் டெபிட் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி, குடியேறி வந்தவர்கள் கிரிக்கெட்டில் எந்த நாட்டுக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்த்தாலே அவர்கள் யார் பக்கம் என்பது தெரிந்துவிடும் என்றார். அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். பேப்பரில் படித்துவிட்டு விடுதி மெஸ்ஸில் அந்த ஆளைத் திட்டித் தீர்த்தது ஞாபகம் இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் கழித்து அவருடைய பரீட்சையை நானே எழுதி, ஒரே சாயங்காலத்தில் பாஸும் ஆகி ஃபெயிலும் ஆகியிருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க மகன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

இந்த விஷயத்துக்குத் தமிழில் நம்மிடம் இருக்கும் சொற்களை எடுத்துப் பாருங்கள். தேசபக்தி என்றால் கற்பூரம் காட்டி விழுந்து கும்பிட வேண்டும் போலிருக்கிறது. விசுவாசம் அதைவிட மோசம். கிறிஸ்தவ நண்பர்கள் மன்னிக்க வேண்டும், அவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் வேறு. மற்றவர்கள் வாயில் அது நாய்க்கும் வேலைக்காரனுக்கும் சொல்வது. "ரொம்ப விசுவாசமான ஆளு" என்று ஒரு முதலாளி சொன்னால், அந்த ஆள் சம்பள உயர்வு கேட்காதவர் என்று அர்த்தம். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்துச் சொல்லும் சொல் அது. அதைத் திருப்பி மேலே சொல்ல முடியாது. "என் முதலாளி என்னிடம் விசுவாசமாக இருக்கிறார்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

நாட்டுப்பற்று என்பதுதான் எனக்குப் பிடித்த சொல். காரணம் இலக்கியம் இல்லை, மளிகைக் கடை.

என் அப்பா மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் பற்று என்ற ஒரே சொல்லுக்குப் பல வேலை. பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கிடக்கும் சோறும் பற்றுதான், அதனால்தான் பத்துப் பாத்திரம். தலைவலிக்கு நெற்றியில் போடுவதும் பற்றுதான். சாமியார்கள் விடச் சொல்வதும் அதுவேதான். ஆனால் அப்பாவுக்குப் பற்று என்றால் நீள நோட்டின் இடது பக்கம். யார் எவ்வளவு கடனுக்கு வாங்கிப் போனார்கள் என்பது அங்கே. வலது பக்கம் வரவு. துவரம்பருப்பு அரைக் கிலோ, பற்று. அறுவடை முடிந்து மேலத்தெருக்காரர் இரண்டு மூட்டை நெல் விற்றுக் கொடுத்த பணம், வரவு.

அந்த நோட்டை வைத்து அப்பா ஒரு வாழ்க்கைத் தத்துவமே வைத்திருந்தார். பாக்கியை மொத்தமாகத் தீர்த்துவிட்டு நிமிர்ந்து நிற்கிற ஆளைக் கண்டால் அவருக்குச் சந்தேகம். "கணக்க முழுசாத் தீக்குறான்னா கடைய மாத்தப்போறான்னு அர்த்தம் தம்பி" என்பார். நல்ல வாடிக்கையாளர் எப்போதும் பத்தோ இருபதோ பாக்கி வைத்துவிட்டுத்தான் போவார். அடுத்த தடவை வந்து நிற்க அது ஒரு சாக்கு. அப்பாவும் அந்தப் பாக்கியைக் கேட்க மாட்டார்.

நாட்டுப்பற்று என்ற சொல்லை எங்கே கேட்டாலும் எனக்கு அந்த நோட்டின் இடது பக்கம்தான் கண்ணில் வரும். இந்த நாட்டில் நான் பற்றாக வாங்கியது எவ்வளவு, அந்த நாட்டில் எவ்வளவு. நம் முன்னோர்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் யோசித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். உப்பிட்டவரை நினைக்கச் சொன்னார்கள், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்றார்கள், செஞ்சோற்றுக் கடன் என்று ஒன்றை வைத்தார்கள். எல்லாமே சாப்பாட்டுக் கணக்கு. கொடியைப் பற்றியோ எல்லைக்கோட்டைப் பற்றியோ ஒரு பழமொழிகூட எனக்குத் தெரியவில்லை. இங்கே நடக்கும் பட்டிமன்றங்களில் கும்பகர்ணனா விபீடணனா என்று ஒரு தலைப்பு வந்தால் கைதட்டல் எப்போதும் கும்பகர்ணனுக்குத்தான். அண்ணன் செய்தது தப்பு என்று அவனுக்குத் தெரியும், அண்ணனிடமே அதைச் சொல்லவும் சொன்னான், ஆனாலும் தின்ற சோற்றுக்காகச் செத்தான். விபீடணன் நியாயத்தின் பக்கம் போனவன், ஆனால் அவனுக்குக் கைதட்டக் கை கூசுகிறது. இத்தனைக்கும் அந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் கடல் தாண்டி வந்து வேறு கொடியின் கீழ் சத்தியம் செய்தவர்கள். விபீடணன் கட்சி. என்னையும் சேர்த்துத்தான்.

2015 மார்ச் 23 அன்று சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ காலமானார். அந்த வாரம் நாடாளுமன்றக் கட்டடத்தில் அவருக்கு அஞ்சலி செலுத்த 4,50,000க்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன், ஏழு மணி நேரம். அப்போது நான் இந்தியக் குடிமகன். சட்டைப்பையில் நீல அட்டை, அதாவது நிரந்தரவாசி. என் மனைவியும் மகனும் 2009லேயே குடியுரிமை வாங்கி இளஞ்சிவப்பு அட்டைக்கு மாறிவிட்டார்கள். நான் மட்டும் அப்பாவைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். வரிசையில் யாரும் என் அட்டையின் நிறத்தைக் கேட்கவில்லை. முன்னால் நின்ற சீன மூதாட்டி தன் குடையில் எனக்குப் பாதி இடம் கொடுத்தார், அவ்வளவுதான்.

வரிசையில் நிற்கும்போது அப்பா போன் செய்தார். "இங்க உங்க ஊர்த் தலைவருக்கு ஃப்ளெக்ஸ் வச்சிருக்காங்கடா. கண்ணீர் அஞ்சலி." மன்னார்குடி வட்டாரத்துக் கிராமங்களில் அந்த வாரம் லீயின் படத்தோடு பேனர்கள் நின்றன. செய்தியாளர்கள் வந்து படம் பிடித்துப்போனார்கள், வெளிநாட்டுச் செய்திகளில்கூட வந்தது. எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டுக் கூரை ஓட்டிலிருந்து தளமாக மாறியது சிங்கப்பூர்ச் சம்பளத்தில் என்பது அப்பாவுக்கு அத்துப்படி. அந்த வீடுகள் நோட்டில் நல்ல கணக்கு. "அவருக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்னு டிவிக்காரன் கேக்குறான். நம்ம நோட்டப் புரட்டிப் பாத்தான்னா தெரியும்" என்றார்.

பேனர் வைத்தவர்களில் எத்தனை பேர் இந்தியாவுக்குத் துரோகிகள்? கேள்வியே அபத்தமாக இருக்கிறது இல்லையா. ஆனால் அதே கேள்வி இந்தப் பக்கம் திரும்பும்போது அவ்வளவு அபத்தமாக ஒலிப்பதில்லை. 2013 டிசம்பர் 8 அன்று சிங்கப்பூரின் ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்து விபத்தில் ஒரு தமிழ்த் தொழிலாளி இறந்து, அதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. மறுநாள் அலுவலகத்தில் கோப்பி வாங்கப் போன இடத்தில் ஒருவர், நல்ல மனிதர்தான், "உங்க ஆளுங்களா?" என்றார். அவரும் தமிழர். மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவர். அவர் பார்வையில் நான் ஊர்க்காரன். என் பார்வையில் நானும் அவரும் ஒரே ஆட்கள். கலவரம் செய்தவர்களையும் இறந்தவரையும் நாங்கள் இருவரும் வேறு வேறு கணக்கில் எழுதிக்கொண்டிருந்தோம்.

அப்பா 2016ல் போய்ச் சேர்ந்தார். கடையை ஒழித்துக் கட்டும்போது பழைய நோட்டுகளில் ஒன்றில் என் பெயரில் ஒரு பக்கம் இருந்தது. 1996ல் நான் சிங்கப்பூர் வருவதற்கு அவர் கொடுத்த விமானச் செலவு இடது பக்கம். நான் அனுப்பிய முதல் சில மாதப் பணம் வலது பக்கம். அதற்கப்புறம் அனுப்பியது எதையும் அவர் எழுதவில்லை. கணக்கில் அறுபது ரூபாய் பாக்கி நின்றது.

சரி, கணக்கு என்று ஆரம்பித்துவிட்டேன். என் கணக்கு எளிது. அரசுப் பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் படித்தேன், ஒரு பருவத்துக்குக் கட்டிய கட்டணம் அந்தப் பருவத்தின் மெஸ் பாக்கியைவிடக் குறைவு. அது இந்தியாவிடம் பற்று. அதை நான் தீர்க்கவே இல்லை. படித்து முடித்த மூன்றாம் வருடம் கப்பலேறாத குறையாக இங்கே வந்துவிட்டேன். இங்கே வாங்கிய பற்றும் சின்னதில்லை. வீவக வீடு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடு, மகனின் பள்ளிக்கூடம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என் மனைவி தனியாக நடந்து வரக்கூடிய தெரு.

இந்தக் கணக்குப் புத்தகத் தத்துவத்தை முதலில் குழப்பியவர் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் புளோக்கில் இருந்த ஒரு தாத்தா. தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். சாயங்காலம் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், பதினாறு வயதில் செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக்கு வேலைக்கு வந்தவர்.

"அஞ்சு பாட்டுக்கு எந்திரிச்சு நின்னிருக்கேன் தம்பி" என்பார். முதலில் ஆங்கிலேய ராஜாவின் பாட்டு. 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்ததும் ஜப்பான்காரன் பாட்டு. ஊர்ப் பெயர் சியோனான் ஆனது, கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோ நேரம் வைத்தார்கள். "இருட்டுலயே காலைல ஆயிடும்" என்று சிரிப்பார். மூன்றாவது ஆசாத் ஹிந்தின், அதாவது சுபாஷ் சந்திர போஸ் அமைத்த தற்காலிக இந்திய அரசின் பாட்டு. போர் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் மறுபடி முதல் பாட்டு, அதைத் தனியாக எண்ண மாட்டார். 1963ல் மலேசியா உருவானபோது நாலாவது. 1965 ஆகஸ்ட் 9க்குப் பிறகு மாஜுலா சிங்கப்பூரா.

அவருடைய இளமையில் விசுவாசம் மூட்டை மாதிரி கைமாறியது. சிங்கப்பூர் விழுந்த இரண்டாம் நாள், 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை ஃபேரர் பார்க் திடலில் உட்கார வைத்து, ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானியர் கையில் ஒப்படைத்தார். இனி இவர்கள் சொல்வதைக் கேளுங்கள் என்பதுதான் சாரம். உப்புப் போட்டவரே வந்து, என் உப்பின் கணக்கை இவருக்கு மாற்றிவிட்டேன் என்று சொன்ன மாதிரி. முஸ்தஃபா கடைக்கு மளிகை வாங்கப் போகும்போதெல்லாம் ஃபேரர் பார்க் நிலையத்தில்தான் இறங்குகிறேன். எஸ்கலேட்டரில் ஏறும்போது ஏதோ ஒரு நாள்தான் அது நினைவுக்கு வரும். மற்ற நாட்களில் வெங்காய விலைதான்.

1943 ஜூலை 5 அன்று பாடாங் திடலில் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, தில்லிக்குப் போவோம் என்று முழங்கியபோது தாத்தா கூட்டத்தில் இருந்தார். அதே வருடம் அக்டோபர் 21ல் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு பிரகடனம் ஆனது. அதை ஒட்டி வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படைக்கு முகாம் திறந்தார்கள், தலைமை டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். அந்தப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழ்ப் பெண்கள். தாத்தாவின் சொந்த அத்தை மகள் ஒருத்தியும் போனாளாம்.

நான் குழம்பியது இங்கேதான். அந்தப் பெண்களில் நிறையப் பேர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. இந்தியாவின் உப்பை ஒரு கிள்ளு தின்றதில்லை. கணக்குப் பார்த்தால் பஞ்சத்தில் கப்பலேற்றி அனுப்பிய அந்த மண்தான் அவர்கள் குடும்பங்களுக்குப் பாக்கி. பற்றே இல்லாத இடத்தில் உயிரைக் கொடுக்க எப்படிக் கிளம்பினார்கள்? அதே மாதங்களில் அவர்களுடைய அண்ணன் தம்பிகளைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துப்போய்க்கொண்டிருந்தது அந்த ராணுவத்தின் நேச நாடான ஜப்பான்.

தாத்தாவிடம் கேட்டேன். அஞ்சு பாட்டில் எதற்கு மனசார எழுந்து நின்றீர்கள்?

"மத்ததெல்லாம் வயித்துக்கு நின்னது. மூணாவது பாட்டுக்கு மட்டும் அப்படி இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தோட்டத்துல தொரை வந்தா தொப்பிய எடுத்துட்டு ஒதுங்கி நிக்கணும். பாடாங்ல அன்னிக்கு யாரும் ஒதுங்கல. அதுக்காகத்தான் போனோம். இந்தியா அப்புறம்" என்றார்.

இதை நான் எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாகப் படித்ததில்லை.

போர் முடிந்ததும் அவர் செம்பவாங் தளத்துக்கே திரும்பி, அதே வெள்ளைக்காரனிடம் அதே வேலையைக் கேட்டு வாங்கினார். எஸ்பிளனேடில் போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுத்தூணை ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் தகர்த்துவிட்டார்கள். 1995ல் அந்த இடத்தில் ஒரு நினைவுக்கல்லை வைத்தது சிங்கப்பூர் அரசு. ஆசாத் ஹிந்துக்காக ஆயுதம் ஏந்தியவர்களைச் சுதந்திர இந்தியாவின் ராணுவம் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1957ல் இங்கே குடியுரிமைச் சட்டம் வந்தபோது கோ. சாரங்கபாணி தன் தமிழ் முரசு நாளிதழில் எழுதியும் பேசியும் தமிழர்களைப் பதிந்துகொள்ளச் சொன்னார். தாத்தா பதிந்தது அப்படித்தான். "சாரங்கபாணி ஐயா சொன்னாரு, போட்டேன்" என்பார். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை இந்தியா போனார். பத்தாவது நாள் வயிற்றுப்போக்கு. திரும்பி வந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் ஒரு அதிகாரி தாத்தாவைக் கூண்டில் நிறுத்தி நீ யாருக்கு விசுவாசி என்று கேட்டிருந்தால் என்ன தீர்ப்பு எழுதியிருப்பார்? இதே கேள்வியை எஸ்.ஆர். நாதன் விஷயத்தில் யோசித்துப் பார்க்கலாம். ஜப்பானிய ஆட்சியில் அந்த அதிகாரிகளுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்த இளைஞர் அவர். 1974ல் லாஜு படகைப் பிடித்துக்கொண்ட ஆயுததாரிகள் பாதுகாப்பாக வெளியேற உத்தரவாதமாக அவர்களோடு ஒரே விமானத்தில் குவைத்துக்குப் போன குழுவின் தலைவரும் அவர்தான். அப்புறம் 1999லிருந்து 2011 வரை நாட்டின் அதிபர். 1945ல் யாராவது அவசரப்பட்டு அவர் கணக்கை மூடியிருந்தால்?

இந்த நாட்டின் உறுதிமொழியை 1966ல் எழுதிய ராஜரத்தினம் பிறந்தது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில். தேசிய கீதத்துக்கு மெட்டுப் போட்ட சுபிர் சயித் சுமத்ராக்காரர். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் எனக்கு இதைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2018ல் மகன் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவ சேவைக்குப் போனான். சாங்கியிலிருந்து படகில் தெக்கோங் தீவுக்கு. முதல் நாள் பெற்றோரையும் கூட்டிப்போய்ப் படுக்கையைக் காட்டி, அங்கேயே மதியச் சாப்பாடும் போடுவார்கள். மனைவி மெத்தையை அழுத்திப் பார்த்தாள். நான் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோழிக்கறி, சோறு, ஒரு ஆரஞ்சு. செஞ்சோறு என்று மனசுக்குள் ஒரு குரல். பையன்கள் வலது கையை உயர்த்திச் சத்தியப் பிரமாணம் எடுத்தபோது அந்த மண்டபத்தில் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்த அப்பாக்களில் நானும் ஒருவன். என் மகன் உயிரைக் கொடுக்கிறேன் என்று சொல்லும் நாட்டில் நான் விருந்தாளி. வெட்கமாக இருந்தது என்றால் பொய். விசித்திரமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து 24 கிலோமீட்டர் இரவு நடைப்பயணத்தை முடித்து விடியற்காலையில் மரினா பே மிதக்கும் மேடையில் வந்து நின்றார்கள். உத்தரவுகளெல்லாம் மலாயில். சீன சார்ஜெண்ட் மலாயில் கத்த, என் தமிழ்ப் பையன் குதிகாலைச் சேர்த்து நின்றான். தொப்பிகளை வானத்தில் எறிந்தபோது எந்தத் தொப்பி அவனுடையது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

2021ல் நானும் குடியுரிமை வாங்கினேன். மகனின் தியாகம் என்னை மாற்றியது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை அவ்வளவு அழகில்லை. அப்பா இல்லை, ஊரில் கடை இல்லை, பெருந்தொற்றுக் காலத்தில் எல்லைகள் மூடியபோது நாங்கள் மூன்று பேரும் வேறு வேறு வரிசையில் நிற்க வேண்டிவருமோ என்ற பயம் வந்தது. வயதும் ஆகிவிட்டது. இரண்டு நாடுகளும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் ஒன்றை விட வேண்டும். கட்டணம் கட்டி, படிவம் நிரப்பி, பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். ரத்து முத்திரையோடு திரும்பி வந்தது. கவுண்டரில் இருந்த பெண், "அப்புறம் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பம் தருவீங்களா சார்?" என்றார். வெளிநாட்டு இந்தியக் குடிமகன் என்று பெயர், ஆனால் குடிமகன் இல்லை. ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அப்பாவின் தத்துவப்படி பார்த்தால் அது அறுபது ரூபாய் பாக்கி. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் விண்ணப்பித்தேன்.

அதற்கு முன்னால் லேவண்டர் பக்கத்துக் குடிநுழைவு அலுவலகத்தில் வலது கையைத் தூக்கி, முந்தைய நாட்டைத் துறந்ததாகவும் இந்த நாட்டுக்கு உண்மையாக இருப்பதாகவும் படித்தேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வெளியே வந்து ஒரு தேதாரே, நம் ஊர் ஆற்றிய டீ மாதிரி, குடித்தேன். அழுகை ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு நன்றாக இருந்திருக்கும்.

விளையாட்டரங்கத்திலிருந்து வந்த இரவு, தூக்கம் வராமல் மகனிடம் இந்தக் கணக்குப் புத்தகத்தை முழுக்கச் சொன்னேன். என் அப்பாவின் நோட்டு, பற்று, வரவு, பாக்கி. இரண்டு கடையிலும் எனக்குப் பாக்கி இருக்கிறது, அதனால்தான் கால் எழுந்துவிட்டது என்று விளக்கினேன். நன்றாகச் சொல்லிவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

அவன் கேட்டுவிட்டு, "நீங்க நாட்ட மளிகைக் கடையாப் பாக்குறீங்கப்பா" என்றான்.

"தப்பா?"

"தப்பு இல்ல. வந்தவங்களுக்கு அப்படித்தான் இருக்கும். எனக்கு இதுல கணக்கே கிடையாது. இது என் ஊரு. தேசிய சேவைல ரெண்டு வருஷம், இப்ப ரிசர்விஸ்ட். அத நான் வரவுலயும் எழுதல, பற்றுலயும் எழுதல. எரிச்சலா இருந்துச்சு, போனேன். அவ்ளோதான்."

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வாய்ட் டெக் தாத்தா இருந்திருந்தால் அவன் பக்கம்தான் பேசியிருப்பார் என்று தோன்றியது. அல்லது இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்திருப்பார். நோட்டு இல்லாமல் ஒரு ஊரில் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மன்னார்குடிப் பக்கத்தில் இருந்தவரை எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இருந்தபோது கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 14, மறு ஆட்டம் கோவாவில், மட்காவ் நகரத்தில். இந்தியா முதலில் கோல் போட்டது. நான் சோபாவில் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தேன். மகன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பிறகு சோங் ஊய் யங் ஒன்று போட்டார், இரண்டாம் பாதியில் இன்னொன்றும் போட்டார். கொரியாவில் பிறந்து 2021ல், நான் கை தூக்கிய அதே வருடம், சிங்கப்பூர்க் குடிமகனானவர். மகன் எழுந்து நின்று கத்தினான். நானும் எழுந்தேன். இந்தத் தடவை கால்கள் கேட்டுக்கொண்டுதான் எழுந்தனவா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

சத்தத்தில் மனைவி தூக்கக் கலக்கத்தோடு அறையிலிருந்து வந்தாள். ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது.

"யாருங்க ஜெயிச்சாங்க?"

மகன் என்னைப் பார்த்தான்.

"ரெண்டுக்கு ஒண்ணு" என்றேன்.

"சரி, லைட்ட அணைச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.